நோபல் பார்க்கில் ஒரு குளிர்ந்த வாடகை வீடு

சென்னையில் என் வேலை, வெயிலை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது. மொட்டை மாடியில் எந்த ஓடு பதித்தால் கீழறை எவ்வளவு குளிரும், எந்தச் சுவரில் ஜன்னல் வைத்தால் கடல்காற்று நுழையும் என்று அளந்து எழுதிக் கொடுக்கும் ஒரு கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளராக இருக்கிறேன். மெல்போர்னுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் உத்தரவைக் கையில் கொடுத்தபோது எங்கள் இயக்குநர், "அங்கேயும் இதே வேலைதாம்மா. என்ன, தலைகீழா நின்னு செய்யணும்" என்றார். அங்கே சூட்டை வீட்டுக்குள் பிடித்துவைக்க வேண்டும்.

உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து, வீடுகளில் எரிபொருள் வீணாவதைத் தடுக்க என்ன சட்டம் போடலாம் என்று பல நாடுகள் யோசித்துக்கொண்டிருந்தன. மெல்போர்னில் ஒரு குழு அந்த ஆராய்ச்சியில் இருந்தது. ஜூலை மாதக் குளிரில் அந்தக் குழுவோடு இருந்து கற்றுக்கொண்டு வருவது எனக்கு இட்ட பணி.

கொண்டுபோனவை: கம்பளிச் சட்டை இரண்டு, அப்பாவின் மஃப்ளர், வெப்பமானிகள், அம்மா திணித்த ஆவக்காய் ஊறுகாய், ஒரு கட்டு ஊதுபத்தி. ஊறுகாயின் பயணம் சிட்னி விமான நிலையத்தோடு முடிந்தது. ஊதுபத்தியை அதிகாரி முகர்ந்து பார்த்தார். தும்மினார். "இது உள்ளே போகலாம்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தக் கட்டு எனக்கு எவ்வளவு உதவப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சிட்னியில் கல்லூரித் தோழியின் அண்ணன் வீட்டில் தங்கினேன். ஹோம்புஷில் செங்கல் அடுக்குமாடி. அண்ணி வேலைக்குப் போய்விடுவார். பகலில் நான் ரயிலேறி நகரத்துக்குப் போய்ச் சுற்றினேன். துறைமுகத்தையும் பாலத்தையும் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நான் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். மாமிசம் வேண்டாம் என்று சொன்னால் கடைக்காரர் ரொட்டிக்கு நடுவிலிருந்த பன்றித் துண்டை இரண்டு விரலால் எடுத்துவிட்டு மீதியை நீட்டுகிறார். மறுபடி விளக்கினால், கீரை, தக்காளி, துருவிய காரட், அதன் மேல் டப்பா பீட்ரூட் வைத்துக் கொடுப்பார். பீட்ரூட் சாறு ரொட்டியை நனைத்து, காகிதத்தை நனைத்து, கடைசியில் என் புடவையையும் நனைத்தது. மூன்றாம் நாளிலிருந்து புடவை நிறத்தைப் பீட்ரூட்டுக்குத் தோதாகத் தேர்ந்தெடுத்தேன்.

சிட்னிப் பொறியாளர் ஒருவர் பழைய வரிசை வீடு ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே குடியிருந்த வயதான அம்மாள் எங்களை நடுக்கூடத்தில் உட்காரவைத்தார். தலைக்கு மேல் கூரையில் ஓர் ஓட்டை. அதன் வழியே ஆகாயம் தெரிந்தது. யுத்த காலத்துக்குப் பிறகு வந்த வாடகைச் சட்டம் இவர்களைக் காப்பாற்றுகிறது என்று பொறியாளர் விளக்கினார். பழைய குடித்தனக்காரர்களுக்கு வாடகையை ஏற்ற முடியாது, காலி செய்யவும் சொல்ல முடியாது.

"என்னை யாரும் அசைக்க முடியாது" என்றார் அம்மாள், பெருமையாக. பிறகு குடையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "அதே மாதிரி, இங்கே யாரும் ஒரு ஆணியும் அடிக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. திருவல்லிக்கேணியில் நாங்கள் இருப்பதும் வாடகை வீடுதான். எங்கள் வீட்டுக்காரரும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் காட்டித்தான் பல வருடமாக வெள்ளையடிப்பதை ஒத்திவைத்து வருகிறார். பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் அதே வீட்டுக்காரர்.

பகல் ரயிலில் மெல்போர்ன் வந்து, அங்கிருந்து நோபல் பார்க் போகும் புறநகர் ரயிலில் ஏறினேன். எங்கள் ஊர் மின்சார ரயிலில் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். இங்கே மூடியிருந்தது. நோபல் பார்க் வந்ததும் பெட்டியோடு கதவின் முன் நின்றேன், அது தானாகத் திறக்கும் என்று. திறக்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

"கைப்பிடியை இழுக்கணும் கண்ணு" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர். "நீ ரொம்ப மரியாதையா நின்னியா, யாரையோ எதிர்பார்த்துக்கிட்டு இருக்கியோன்னு நினைச்சுட்டேன்."

அடுத்த நிலையத்தில் அவரே கதவை இழுத்துத் திறந்து, பெட்டியை இறக்கி, எதிர்த் திசை ரயிலையும் காட்டிவிட்டுப் போனார்.

நான் தங்கவிருந்தது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தோடு. நடராஜா அங்கிள் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். இங்கே மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மனைவி பூமணி அன்ரி. மகள் மாலினி ஆரம்பப் பள்ளியில் கடைசி வகுப்பு. பலகை வைத்து அடித்த சுவர்களும் தகரக் கூரையும் கொண்ட பழைய வீடு.

உள்ளே நுழைந்ததும் கதவுக்குப் பின்னால் சுவரில் வரிசையாகக் கோட்டு மாட்டும் கொக்கிகள் தெரிந்தன. நான் என் கம்பளிக் கோட்டின் பொத்தானில் கை வைத்தேன்.

"ஐயோ பிள்ளை, கழட்டாதேங்கோ" என்றார் பூமணி அன்ரி. "இந்த வீட்டுக்குள்ள ஒருத்தரும் கழட்டுறேல்லை. குசினிக்குள்ள வாங்கோ, அங்கதான் கொஞ்சம் சூடு."

அந்தச் சமையலறையில் அன்ரியும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் இடியப்பம் பிழிந்தார். அங்கிள் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கொக்கிகளில் ஒன்றில்கூட ஒன்றும் தொங்கவில்லை. வரிசையாக நின்று யாருக்கோ காத்திருப்பவை போல இருந்தன.

சொதியும் சம்பலும் சுடச்சுட. அந்தக் குளிரில் இடியப்பத்தைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

மறுநாள் வேலையில் சேர்ந்தேன். குழுவின் தலைவி மார்கரெட் என்ற பொறியாளர். ஐம்பது வயதிருக்கும். நாடு செல்சியஸுக்கு மாறிச் சில வருடமாகியும் எரிச்சல் வந்தால் ஃபாரன்ஹீட்டில் பேசுவார். முதல் வாரம் என்னைத் தனியாக ஒரு பழைய வீட்டுக்கு அனுப்பினார். நான் ஒவ்வோர் அறையாகப் பார்த்து, கதவிடுக்கு, தரைப்பலகை இடுக்கு, புகைபோக்கி எல்லாவற்றிலும் காற்று தாராளமாக வருவதைக் கண்டு மகிழ்ந்து, அறிக்கையில் "காற்றோட்டம் மிகச் சிறப்பு" என்று எழுதினேன்.

மார்கரெட் அதைப் படித்துவிட்டு அடுத்த மேசைக்காரரிடம் நீட்டினார். அவர் அதற்கடுத்த மேசைக்கு.

"வசந்தா," என்றார் மார்கரெட், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீட்டுக்காரி ஜூன் மாசத்திலேர்ந்து தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்குறா. நீ அவளைப் பாராட்டுறே."

பழக்கம் அப்படி. அன்றிலிருந்து அறிக்கையில் எங்கெல்லாம் 'நன்று' என்று எழுதத் தோன்றியதோ அங்கெல்லாம் 'மோசம்' என்று எழுதினேன். சரியாக இருந்தது.

காற்று எந்த இடுக்கு வழியே வருகிறது என்று பார்க்க அவர்கள் மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். கொஞ்சம் பலமான காற்றில் அது அணைந்துவிடும். நான் பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினேன். புகை ஒரு நூல் போல எழும்பி, கதவுக்குக் கிட்டே போனதும் சட்டென்று படுத்தது. மார்கரெட் அதை வாங்கி அந்த வீடு முழுக்கச் சுற்றிவந்தார். அதற்குப் பிறகு நாங்கள் போய்வந்த வீடுகளிலெல்லாம் மல்லிகை மணம்.

குழு நடத்திக்கொண்டிருந்தது ஒரு சோதனைத் திட்டம். தென்கிழக்குப் புறநகர்கள் சிலவற்றில், யார் கேட்டாலும் உட்கூரைக்கு மேல் கண்ணாடி நாரால் செய்த பஞ்சு மெத்தையை இலவசமாக விரித்துக் கொடுப்பார்கள். சூடு மேலே போகாது, எரிபொருள் மிச்சமாகும். பலன் தெரிந்தால் மாநிலத்துக்கே ஒரு சட்டம் எழுதச் சிபாரிசு செய்வார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். வாடகை வீடுகளிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. குளிரில் அதிகம் நடுங்குபவர்கள் அவர்கள்தான்.

"துண்டுப்பிரசுரம் புரியலை போல" என்றார் மார்கரெட். கிரேக்க மொழியில் அச்சடித்தார்கள். இத்தாலிய மொழியில் அச்சடித்தார்கள். ஒருவரும் வரவில்லை. காரணம் கண்டுபிடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் கேள்விகள் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் டீ கொடுத்தார்கள். குளிர் அப்படியொன்றும் இல்லை என்று நடுங்கிக்கொண்டே சொன்னார்கள்.

விடை நான் தங்கியிருந்த வீட்டிலேயே இருந்தது. அதை முதலில் சொன்னது புகைதான்.

அன்ரி மாலையில் சாமிப் படத்தின் முன் ஊதுபத்தி வைப்பார். ஒருநாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். புகை நேர்க்கோடாக உத்தரம் வரை போயிற்று. அந்த மாதிரிப் பலகை வீட்டில் அது நடக்க முடியாத காரியம். எழுந்து போய்ப் பார்த்தேன். கதவுகளின் அடியில் பழைய சேலையில் தைத்து மணல் நிரப்பிய நீண்ட உருளைகள். இந்த ஊர்க்காரர்கள் இதைப் பாம்பு என்பார்கள், கடையில் கண் வைத்தும் விற்பார்கள். ஜன்னல் இடுக்கில் மடித்த பேப்பர். புகைபோக்கிக்குள் ஒரு தலையணை. நல்ல வேலை. கூரை மட்டும்தான் பாக்கி. சூடெல்லாம் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை குசினியிலிருந்து வந்தபோது சாமிப் படத்துப் புகை கிடைமட்டமாக வீட்டு நடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வீடு முழுக்க ஒரே பரபரப்பு. மாலினி ஜன்னல் பேப்பரை உருவிக்கொண்டிருந்தாள். அங்கிள் பாம்புகளைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தார். அன்ரி கை முழுக்கக் கரியோடு தலையணையைச் சுமந்துகொண்டு படுக்கையறைக்கு ஓடினார்.

"என்ன ஆச்சு அன்ரி? ஏன் எல்லாத்தையும் கழட்டுறீங்க?"

"வீட்டுக்காரர் வாறார் பிள்ளை! மழைத்தண்ணிப் பீலி பாக்க."

"வந்தா என்ன?"

அங்கிள் கட்டிலுக்கடியிலிருந்து தலையை நீட்டினார். "வீடு நல்லா இருக்கெண்டு கண்டா வாடகையை ஏத்திப் போடுவார். இல்லாட்டி எங்களை எழுப்பிப்போட்டு வேற ஆக்களுக்குக் குடுப்பார். பின் றோட்டில ஒரு குடும்பம் இருந்தது. வீட்டுக்காரன் குசினியைப் புதுசாக்கிக் குடுத்தான். அதுகளும் சந்தோசமாத்தான் இருந்ததுகள். அடுத்த மாசம் நோட்டீஸ்."

"இந்த வீடு போனா மாலினின்ர பள்ளிக்கூடம் போச்சு. எனக்குத் தையல் வேலை தாற கடையும் இந்தப் பக்கந்தான்" என்றார் அன்ரி. "வேற வீடு எங்க எடுக்கிறது? எங்களைப் பாத்ததும், நேற்றுத்தான் குடுத்துப்போட்டன் எண்டுவாங்கள். இந்த மனிசன் ஒருத்தர்தான் தந்தவர். குளிர் கிடந்தா கிடக்கட்டும்."

எனக்கு ஒரு வாளி ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த இடத்தை அப்பா தானே தார் ஊற்றி அடைத்துவிட்டார். ஆனால் வீட்டுக்காரர் வரும் நாளில் அந்த இடத்துக்கு நேர் கீழே வாளியைக் கொண்டுவந்து வைப்பார். அம்மா அதில் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி வைப்பாள்.

துண்டுப்பிரசுரத்தை எந்த மொழியில் அச்சடித்தாலும் ஏன் யாரும் வரவில்லை என்று அப்போது புரிந்தது. எல்லோரும் நன்றாகவே படித்துப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் ஸ்டாவ்ரோ கிரேக்கத்திலிருந்து வந்தவர். பக்கத்து வீட்டிலேயே இருந்தார். அதுவும் இதே அச்சில் வார்த்த வீடு. பெரிய மீசை, முழங்கால் வரை கருநீலக் கோட்டு. ஏணி போட்டுக் கூரையோரத்துப் பீலியில் அடைத்திருந்த இலைகளை அள்ளிப் போட்டுவிட்டு, டீ குடிக்க உள்ளே வந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

வெளியே நல்ல காற்று. புகைபோக்கி வழியே அது இறங்கி அவர் பிடரியில் வீசியது. அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஒரு தும்மல். இன்னொரு தும்மல். டீக் கோப்பை கையில் நடுங்கியது.

அன்ரி என்னைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார். அங்கிள் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். மூன்றாவது தும்மல் வந்தது.

"வந்த மனிசன் விறைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறார்!" என்றார் அன்ரி. அவ்வளவுதான். எழுந்து போனார், தலையணையைக் கொண்டுவந்தார், ஸ்டாவ்ரோவின் கண் முன்னே குனிந்து அதைப் புகைபோக்கிக்குள் திணித்தார். மறுபடி உள்ளே போய்க் கட்டிலுக்கடிப் பாம்பு ஒன்றையும் எடுத்துவந்து வாசல் கதவடியில் காலால் தள்ளிவிட்டார். பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. கரிக் கையை அப்படியே தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

அறையில் காற்று நின்றுவிட்டது.

ஸ்டாவ்ரோ குனிந்து தன் காலைப் பார்த்தார். காலை இங்கும் அங்கும் நகர்த்தினார். பிறகு தலையணையைப் பார்த்தார். அது அந்த ஓட்டையின் அளவுக்கே வளைந்து, கரி ஏறி, அங்கேயே பிறந்து வளர்ந்தது போல இருந்தது. இன்று புதிதாக வைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. டீயைக் குடித்து முடித்தார். நன்றி சொன்னார். போய்விட்டார்.

"துலைஞ்சுது" என்றார் அங்கிள். "ஏனப்பா, அவர் தும்மினா உமக்கென்ன?"

"வீட்டுக்கு வந்தவர் நடுங்க நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

ஞாயிறு முழுக்க அங்கிள் பேப்பரில் வாடகைக்கு வீடு விளம்பரங்களை வட்டமிட்டுக்கொண்டிருந்தார். மாலினி தன் பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் வர எவ்வளவு நேரமாகும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அன்ரி உளுந்து ஊறப்போட்டார். கவலை வந்தால் அவர் வடை சுடுவார். அன்று நிறைய வடை இருந்தது.

திங்கள் மாலை கதவு தட்டப்பட்டது. ஸ்டாவ்ரோ, கூடவே அவர் மனைவி எலெனி. எலெனிக்கு ஆங்கிலம் குறைவு. நேராக வாசலில் கிடந்த பாம்பைக் காட்டி, தன் காலைக் காட்டி, இரண்டு கைகளையும் கூப்பி ஏதோ கேட்டார்.

"இவளுக்கும் ஒண்ணு வேணுமாம்" என்றார் ஸ்டாவ்ரோ. "எங்க வீட்டிலே கால் ஐஸ் ஆயிடுது. உங்க வீட்டிலே சனிக்கிழமை என் கால் ஐஸ் ஆகலை. அதைச் சொன்னேன். ரெண்டு நாளா என்னைத் தூங்கவிடலை."

அங்கிளுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, நேரடியாகவே கேட்டார். "வாடகையை ஏத்துவீங்கள் எண்டு நினைச்சம்."

ஸ்டாவ்ரோ மீசையைத் தடவினார். "நினைச்சேன். இங்கேர்ந்து என் வீட்டுக்குப் போற வழியிலே நினைச்சேன். நல்ல வேளை, ரொம்பக் கிட்டே இருக்கு என் வீடு." பெரிதாகச் சிரித்தார். அன்ரி வடைத் தட்டை நீட்டினார். அவர் ஒன்றை எடுத்து நடுத்துளை வழியே என்னைப் பார்த்தார். "இதுக்கும் ஒரு அடைப்பு வேணும்."

அவர் நல்ல மனிதர். ஆனால் வழி கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால்? பின் தெருக் குடும்பத்தின் வீட்டுக்காரரும் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. வீடு நன்றாக வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். சிட்னி அம்மாளை யாரும் அசைக்க முடியாது, கூரையும் அசையாது ஒழுகுகிறது. இங்கே கூரையைச் சரிசெய்யலாம், குடியிருப்பவர் அசைய வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே சட்டத்தில் எழுதினால்தான் உண்டு.

மறுநாள் மார்கரெட்டிடம் பெயர் சொல்லாமல் தலையணைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாம பஞ்சைப் பத்தி ஆறு பக்கம் எழுதியிருக்கோம்," என்றார், "அதுக்குக் கீழே தூங்குறவங்களைப் பத்தி ஒரு வரி இல்லை." இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். வாடகை வீட்டுக்குப் பஞ்சு வாங்கும் உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டியவை: ஒன்று, இப்போது குடியிருப்பவரே தொடர்ந்து இருப்பார். இரண்டு, இரண்டு குளிர்காலம் முடியும்வரை வாடகை ஏறாது. மூன்று, இந்த வேலையைக் காரணம் காட்டி நோட்டீஸ் கொடுக்கக் கூடாது.

அதைப் பற்றிப் பேச ஒரு பள்ளி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மண்டபத்து ஹீட்டர் வேலை செய்யவில்லை. தேங்காய்த்துருவலில் புரட்டிய சாக்லேட் கேக்குகள் ஒரு மேசையில். அன்ரி ஒன்றை எடுத்து முகர்ந்து, "தேங்காயை இப்பிடியும் வீணாக்கலாமோ?" என்றார். பிறகு இரண்டு சாப்பிட்டார்.

வீட்டுத் தரகர் ஒருவர் எழுந்தார். "முதல் போட்டவனுக்கு லாபம் வேண்டாமா?"

"முதல் எங்களுது" என்றார் மார்கரெட். "கூரை மட்டும்தான் உங்களுது. வேலை முடிஞ்ச பிறகும் அது உங்ககிட்டயேதான் இருக்கும்."

தரகர் உட்கார்ந்தார். நான் ஒரு நாற்காலியில் ஏறி நின்று, ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த மண்டபத்தின் கதவிடுக்கைக் காட்டினேன். புகை படுத்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போது அன்ரி என் கையைச் சுரண்டினார். "பிள்ளை, கேளுங்கோ. இரண்டு குளிர் முடிஞ்ச பிறகு?"

"நீங்களே கேளுங்க அன்ரி."

எழுந்து நின்று, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார். மார்கரெட் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாது. எங்களால இவ்வளவுதான் கேட்க முடியும். அதுக்குமேல சட்டம்தான் செய்யணும். உங்க கேள்வியை அப்படியே சிபாரிசிலே எழுதுறேன்."

பின்வரிசையிலிருந்து ஸ்டாவ்ரோ கை தூக்கினார். "எனக்கு ரெண்டு கூரை. ஒண்ணுக்குக் கீழே நான், ஒண்ணுக்குக் கீழே இவங்க. ரெண்டுக்கும் போடுவீங்களா?"

"இவங்க வீட்டுக்கு நீங்க ஒப்புக்கிட்டா, ரெண்டுக்கும்."

"சரி. ரெண்டு குளிர்."

"மூண்டு" என்றார் அன்ரி, உட்காராமல்.

ஸ்டாவ்ரோ திரும்பினார். "பேப்பர்லே ரெண்டுன்னுதான் போட்டிருக்கு!"

"பேப்பர் அவையின்ர. பாம்பு என்ர. உங்கட வீட்டில எத்தினை கதவு?" என்று அன்ரி தமிழில் கேட்க, நான் மொழிபெயர்த்தேன்.

எலெனிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. புருஷனின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு கிரேக்க மொழியில் ஏதோ சொன்னார். அது சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் இருந்தது.

"மூணு" என்றார் ஸ்டாவ்ரோ. மண்டபம் கைதட்டியது. தரகர்கூடச் சிரித்துவிட்டார். மார்கரெட் தன் தாளில் 'இரண்டு குளிர்காலம்' என்பதற்கு முன்னால் 'குறைந்தபட்சம்' என்று சேர்த்துக்கொண்டார்.

பஞ்சு மெத்தை வந்த அன்று நான் அங்கிளின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, உட்கூரைக்கு மேல் ஊர்ந்து போய் விரிப்பதைப் பார்த்தேன். உடம்பெல்லாம் அரிப்பு. பூனை எலும்பு ஒன்று, ஒரு டென்னிஸ் பந்து, யாரோ ஒளித்துவைத்த பீர் புட்டி ஆகியவை கிடைத்தன. அடுத்த நாள் வெப்பமானியைப் பார்க்க அவசியமே இருக்கவில்லை. அங்கிள் கம்பளித் தொப்பி இல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இவ்வளவு தலைமுடி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

வாடகை வீடுகளிலிருந்து விண்ணப்பங்கள் மெல்ல வர ஆரம்பித்தன. சட்டம் எப்போது வரும், அதில் எங்கள் வரிகளில் எது மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது. அரசாங்கம் எங்கேயும் அரசாங்கம்தான். ஆனால் சென்னைக்குத் திரும்பியதும் எங்கள் நிலையத்து மொட்டைமாடி ஓட்டு அறிக்கையை எடுத்து, கடைசியில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். கீழே யார் குடியிருக்கிறார்கள் என்ற பத்தி.

நான் கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மதியம், அன்ரி பக்கத்து வீட்டுக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டதுதான் தாமதம், அன்ரி குசினியிலிருந்து பாய்ந்து வந்து வாசல் பாம்பைத் தூக்கினார்.

"என்னப்பா செய்யிறீர்?" என்றார் அங்கிள்.

அன்ரி பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். சிரித்தார். "பழக்கமாப் போச்சுது."

உள்ளே வந்த ஸ்டாவ்ரோ இரண்டடி வைத்து நின்றார். மூக்கை உறிஞ்சினார். பிறகு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்ற ஆரம்பித்தார். நான் அந்த வீட்டில் இருந்த நாட்களில் அந்தக் கொக்கிகளில் ஒரு கோட்டு தொங்கி முதல்முறையாகப் பார்த்தேன். எலெனியின் கோட்டு அடுத்த கொக்கியில். என்னுடையது அதற்கடுத்ததில்.

ஸ்டாவ்ரோவின் கோட்டு கனமானது. நாங்கள் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் கொக்கி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பலகைத் துண்டு ஒன்றையும் இழுத்துக்கொண்டு, கோட்டோடு கீழே விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியே மெல்லிய காற்று.

"யாரும் தொடாதீங்க!" என்றார் ஸ்டாவ்ரோ. "என் சுவர், என் ஆணி, நானே அடிக்கிறேன்." சுத்தியல் எடுக்கத் தன் வீட்டுக்கு ஓடினார். குளிரில், கோட்டில்லாமல்.

அன்ரி ஓட்டையைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களே பிள்ளை," என்றார் மெதுவாக, "வாடகை ஏறாமல் ஒரு திருத்த வேலை."